கட்டிக் கொடுத்த சோறு

“ஏனுங்ணா, டெர்மினல்ல நோட் வருது. எடிட்டர்ல ரன் பண்ணினா அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது. ரெண்டும் ஒரே மெஷின்தானுங்களே?”

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையன். ராத்திரி ஒன்பதரைக்கு போன். டெர்மினல் என்றால் கட்டளை அடிக்கும் சன்னல், எடிட்டர் நிரல் எழுதும் செயலி, நோட் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் கருவி. அதற்குள் அவன் நோடை இரண்டு முறை அழித்து, இரண்டு முறை மறுபடி நிறுவி, கடைசியில் மேக்கையே ஃபார்மட் செய்துவிடலாமா என்ற இடத்துக்கு வந்திருந்தான்.

“எடிட்டரை எங்கிருந்து திறந்தே?”

“கீழ டாக்ல இருக்கற ஐகானைத் தட்டித்தானுங்ணா.”

“முழுசா மூடிட்டு, டெர்மினல்ல இருந்தே திறந்து பாரு.”

அரை நிமிடம் சத்தமில்லை. “வருதுங்ணா! எப்படிங்ணா?”

எப்படி என்று விளக்க அந்த ராத்திரி எனக்குத் தெம்பில்லை. காலையில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு வேறு வேஷத்தில் எத்தனையோ முறை என்னிடம் வந்திருக்கிறது. பாதித் தடவை கேட்டவனே நான்தான்.

என் அமுச்சி அடிக்கடி சொல்வார்: கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? எத்தனை சொன்னாலும் காதில் வாங்காத பேரனுக்காகச் சொன்னது. பையனைக் குழப்பிய என்விரான்மென்ட் வேரியபிளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த மேனுவலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சூழல் மாறி என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால், சுற்றிலும் இருக்கும் காற்று மாதிரி எல்லாருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருப்பதாகத் தோன்றும். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பொதுவாக எதுவும் கிடையாது. புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஒவ்வொன்றின் கையிலும் தனித்தனியாக ஒரு சோற்றுப் பொட்டலம். உள்ளே ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் வரிசையாகச் சில வரிகள். ஒரு புராசஸ் இன்னொன்றைப் பெற்றுப் போடும்போது, தன் பொட்டலத்தைப் போலவே இன்னொன்று கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. வேண்டுமானால் எதையாவது சேர்க்கும், எதையாவது எடுக்கும். பிள்ளை வாசல் தாண்டிய பிறகு வீட்டில் குழம்பை மாற்றினாலும் அவன் பொட்டலம் மாறாது. அவன் வழியில் ஊறுகாயைச் சேர்த்துக்கொண்டாலும் வீட்டுச் சட்டிக்கு அது வந்து சேராது.

இந்த ஏற்பாடு 1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் வந்தது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாசித்து ஓட்டும் நிரல்) வந்ததும் அதே பதிப்பில்தான். அடிப்படை இன்றுவரை அப்படியே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்து வேரியபிளை செட் செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஓடவிட்டு, அது பிழையில்லாமல் முடிந்ததையும் பார்த்துவிட்டு, ஒன்றுகூட செட் ஆகவில்லையே என்று மண்டை காய்ந்தேன். செட் ஆகத்தான் ஆயின. ஸ்கிரிப்ட் எனக்குப் பிள்ளை. அது தன் பொட்டலத்தில் பத்தையும் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் பொட்டலத்தோடு செத்துப்போனது. சோர்ஸ் என்று ஒரு கட்டளை ஏன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அது பிள்ளையைப் பெறுவதில்லை. ஸ்கிரிப்ட்டில் இருப்பதை இந்த ஷெல்லே உட்கார்ந்து வாசித்துச் செய்கிறது.

சரி, பையனின் மேக்குக்கு வருவோம். பாத் என்ற வேரியபிளில்தான், ஒரு கட்டளையை எந்தெந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேடவேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. நோடை நிர்வகிக்கும் கருவிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் ஒரு அடைவைச் சேர்ப்பதற்கான வரியை ஷெல்லின் ஆர்சி ஃபைலில் எழுதி வைக்கும். ஷெல் திறந்தால் ஆர்சி ஃபைல் ஓடும், பாத் நிறையும். ஆனால் டாக்கில் ஐகானைத் தட்டினால் அங்கே ஷெல்லே வருவதில்லை. மேக்கில் அப்படித் திறக்கும் செயலிகளைப் பெற்றெடுப்பது லாஞ்ச்-டி என்ற தாய்ப் புராசஸ். அவளுக்கு உங்கள் ஆர்சி ஃபைல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவள் கட்டிக் கொடுப்பது சத்திரத்துச் சாப்பாடு: நாலைந்து பொது அடைவுகள், அவ்வளவுதான். ஒருகாலத்தில் வீட்டு அடைவில் பிளிஸ்ட் என்ற வகை அமைப்பு ஃபைல் ஒன்றை எழுதிவைத்தால் வரைகலைச் செயலிகளுக்கும் வேரியபிள் போய்ச் சேரும். மவுன்டன் லயன் என்ற மேக் பதிப்போடு அந்த வழி அடைபட்டது. பழைய பதிவுகளைப் பார்த்து அந்த ஃபைலை இன்னமும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதை யாரும் வாசிப்பதில்லை.

எடிட்டர் எழுதியவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். விஎஸ் கோட் என்ற எடிட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. ஐகான் வழியாகத் திறந்தால், திரைக்குப் பின்னால் உங்கள் ஷெல்லைத் தானே ஒருமுறை ஓட்டி, ஆர்சி ஃபைல் முழுவதையும் வாசிக்கவைத்து, “இப்போது உன் பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது, கொட்டு” என்று கேட்டு வாங்கித் தனக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த வீட்டுச் சமையலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தன் இலையில் பரிமாறிக்கொள்வது மாதிரி. இதற்கு அது பத்து விநாடி பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால், ஷெல் சூழலை அறிய முடியவில்லை என்று ஓரத்தில் ஒரு அறிவிப்பைக் காட்டிவிட்டு, சத்திரத்துச் சாப்பாட்டோடு எழுந்துவிடும்.

அப்படியென்றால் பையனுக்கு ஏன் வரவில்லை? அவன் ஆர்சி ஃபைலைத் திறந்து பார்த்தேன். இரண்டு ப்ராஜெக்டில் இருக்கிறான், ஒன்றுக்கு நோட் 16, மற்றதற்கு 18. அதனால் ஷெல் திறந்ததும் “எந்த நோட் வேண்டும்?” என்று கேட்கும்படி ஒரு லூப் எழுதியிருந்தான். 16 அல்லது 18 என்று பதில் வரும்வரை விடாமல் கேட்கும். டெர்மினலில் அழகாக வேலை செய்தது. திரைக்குப் பின்னால் ஓடிய ஷெல்லுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. யாருமில்லாத வீட்டில் அது பத்து விநாடி கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஓரத்து அறிவிப்பு? “அது தெனமும் வருதுங்ணா, மூடிருவேன்.”

திட்டவில்லை. என் ஆர்சி ஃபைலிலும் டிமக்ஸை (தொடர்பு அறுந்தாலும் ஷெல்களை உயிரோடு வைத்திருக்கும் கருவி) தானாகத் துவக்கும் ஒரு வரி வெகுகாலம் இருந்தது. அதுவும் இதே கதிதான்.

இதில் இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்றாலும் பாதி நாளைத் தின்னும். ஆர்சி ஃபைலைத் திருத்திவிட்டு எடிட்டருக்குள்ளேயே புது டெர்மினல் திறந்தால், அங்கே மாற்றம் தெரியும், ஏனென்றால் அது புது ஷெல். ஆனால் அதே எடிட்டரின் பிழை தேடும் டீபக்கருக்கும் நீட்சிகளுக்கும் தெரியாது. எடிட்டர் காலையில் கட்டி வாங்கியதைத்தான் அவை தின்கின்றன. முழுவதும் மூடித் திறக்கவேண்டும். மேக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சன்னல்தான் மூடும், செயலி உயிரோடுதான் இருக்கும். இது தெரியாமல் “பத்து தடவை மூடித் திறந்துட்டேன்” என்று சத்தியம் செய்பவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஈமாக்ஸ் என்ற எடிட்டரை வைத்திருப்பவர்களுக்குத் துன்பம் இரட்டிப்பு. அங்கே ஈமாக்ஸ் தானே ஒரு கட்டளையைத் தேடுவதற்கு ஒரு பட்டியல், தன் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கும் பாத் இன்னொன்று. ஒன்றை மட்டும் திருத்தினால், கம்பைலர் கிடைக்கும், கம்பைலர் கூப்பிடும் லிங்கர் கிடைக்காது. ஸ்டீவ் பர்செல் எழுதிய ஒரு பொதி இரண்டையும் ஷெல்லிடமிருந்தே கேட்டு நிரப்பிவிடும். விஎஸ் கோட் செய்யும் அதே தந்திரம்தான்.

விண்டோஸில் கதை வேறு. அங்கே வேரியபிள்கள் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புக் களஞ்சியத்தில் இருக்கின்றன. மாற்றியதும் “அமைப்பு மாறிவிட்டது” என்று எல்லாச் சன்னல்களுக்கும் ஒரு தண்டோரா போகும். டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்புளோரர் அதைக் கேட்டுத் தன் பொட்டலத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைச் சன்னல் காதில் வாங்காது. அதனால் ஸ்டார்ட் மெனு வழியாகப் புதிதாகத் திறந்தால் வரும், பழைய சன்னலிலிருந்து திறந்தால் வராது. இதுகூடப் பரவாயில்லை. செட்எக்ஸ் என்ற கட்டளையால் பாத்தில் ஒரு அடைவைச் சேர்க்கப்போய் நான் செய்த வேலையைத்தான் மறக்கமுடியாது. அது 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். ஓரமாக ஒரு எச்சரிக்கை போடும், ஆனால் வெட்டியதையே சேமித்தும் விடும். போதாததற்கு, பழைய பாத்தோடு ஒட்டி எழுதும்போது, கணினிக்குரிய பட்டியலும் எனக்குரிய பட்டியலும் ஒன்றாகக் கலந்துபோய் எனக்குரியதில் விழுந்துவிட்டன. என் பழைய பட்டியலின் வால் மொத்தமும் காலி. ஜாவா போச்சு, கிட் போச்சு. திறந்திருந்த ஒரு பழைய சன்னல்தான் காப்பாற்றியது: அதன் பொட்டலத்தில் காலையில் இருந்த பாத் முழுசாக இருந்தது. அங்கிருந்து எடுத்து ஒட்டினேன். தண்டோராவைக் காதில் வாங்காதது அன்றைக்கு மட்டும் நல்லதாகப் போயிற்று.

இதுவரை சொன்னது எந்த ஊர்க்காரனுக்கும் நடக்கும். அடுத்தது, தமிழில் தரவு வைத்திருப்பவனுக்கு இன்னும் வலுவாக நடக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சர்வரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். உறுப்பினர் பட்டியலை எடுத்து, யார் யாருக்கு நினைவூட்டல் போகவேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதும். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நான்காவது வாரம் உண்மையான பட்டியலை ஏற்றினார்கள். அன்று ராத்திரியே செத்துவிட்டது. லாகில் கிடந்தது இதுதான்: ஆஸ்கியால் இந்த எழுத்தைக் குறியாக்க முடியாது, 128-க்குள் இல்லை.

முதல் மூன்று வாரம் பட்டியலில் இருந்தவை நான் சோதனைக்காக ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள். உண்மைப் பட்டியலில் முதல் பெயரே தமிழில், க-வில் தொடங்கியது. யூனிகோடில் க-வின் எண் 2965. ஆங்கிலத்துக்காக வந்த பழைய குறியாக்கமான ஆஸ்கிக்கு 127-க்கு மேல் எண்ணத் தெரியாது.

காலையில் என் லேப்டாப்பில் ஓட்டினேன், ஓடியது. சரி, சர்வரில்தான் கோளாறு என்று அங்கே லாகின் செய்து கையால் ஓட்டினேன். அங்கேயும் ஓடியது! அதே சர்வர், அதே ஸ்கிரிப்ட், அதே பட்டியல். ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் சாகிறது. பேய் பிசாசு என்று யோசிக்க ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

காரணம் லாங் என்ற வேரியபிள். எந்த மொழி, எந்தக் குறியாக்கம் என்று நிரல்கள் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்யும். என் லேப்டாப்பில் அதில் யுடிஎஃப்-8 (யூனிகோடு முழுவதையும் எழுதத் தெரிந்த குறியாக்கம்) என்று இருக்கிறது. குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது கிரான் என்ற நிரல். அது தன் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பது அரைப்பட்டினிப் பொட்டலம். அந்தச் சர்வரில் அந்தப் பொட்டலத்துக்குள் லாங்கே இல்லை. லாங் இல்லாவிட்டால் சி லொகேல் என்ற இயல்புநிலை மொழி அமைப்பு, சி லொகேல் என்றால் அந்தச் சர்வரில் இருந்த பைதான் 3.6-க்கு ஆஸ்கி. அது புரிந்தது. ஆனால் சர்வரில் கையால் ஓட்டியபோது எப்படி ஓடியது? இதைக் கண்டுபிடிக்கத்தான் சாயங்காலம் ஆனது. பல கணினிகளில் எஸ்எஸ்எச் (தூரத்துச் சர்வருக்குள் லாகின் செய்யும் கருவி) அமைப்பிலேயே ஒரு வரி இருக்கிறது: லாகின் செய்யும்போது லாங்கையும் அதன் கூட்டாளிகளையும் கூடவே அனுப்பு. எதிர்ப்பக்கத்திலும் வாங்கிக்கொள் என்று ஒரு வரி. அதாவது என் வீட்டுச் சோற்றை நானே மடியில் கட்டிக்கொண்டு சர்வருக்குள் போய், அங்கே உட்கார்ந்து தின்றுவிட்டு, இந்த ஊரில் சாப்பாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தம் ஒரே வரி. கிரான் பட்டியலின் தலையில் லாங்கை யுடிஎஃப்-8 என்று எழுதினேன். 2018-இல் வந்த பைதான் 3.7 முதல், சி லொகேல் என்றால் தானாகவே யுடிஎஃப்-8-க்கு மாறிக்கொள்கிறது, அதனால் இந்தப் பிசாசு இப்போது அரிது. முழுதாகப் போய்விடவில்லை. புதிதாக எழுப்பிய ஒரு கன்டெய்னருக்குள் (நிரலுக்கென்று மெஷினுக்குள் கட்டிய தனியறை) போய்த் தமிழ் ஃபைல் ஒன்றை, பக்கம் பக்கமாகக் காட்டும் பேஜரில் திறந்து பாருங்கள். லாங் இல்லாவிட்டால் ஒவ்வோர் எழுத்தும் மூன்று மூன்று பைட்டாக, கோணல் அடைப்புக்குள் எண்களாகச் சிதறிக் கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து, நல்ல ஃபைலைத் ‘திருத்தி’ நிஜமாகவே கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் தட்டச்சு. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 அடிக்கிறேன். உலாவியில் வரும், அலுவலகச் செயலியில் வரும், ஜி-விம் என்ற எடிட்டரில் மட்டும் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் ஆங்கிலம் மட்டும்தான் விழும். எந்த உள்ளீட்டு முறையைப் பயன்படுத்தவேண்டும் என்று ஜிடிகே, க்யூடி என்ற வரைகலை நூலகங்களில் கட்டிய செயலிகள் தெரிந்துகொள்வதும் சில சூழல் மாறிகளைப் பார்த்துத்தான். நான் சில நாள் ஜி-விம்மை மெனுவிலிருந்து திறப்பேன், சில நாள் டிமக்ஸுக்குள் இருந்து. அந்த டிமக்ஸ் முந்தின நாள் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத் துவக்கப்பட்டது. நாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும்போது, எந்தத் திரையில் சன்னல் திறக்கவேண்டும் என்பது போன்ற சில வேரியபிள்களை மட்டும் டிமக்ஸ் புதுப்பித்துக்கொள்ளும். உள்ளீட்டு முறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, சன்னல் சரியாகத் திறக்கும், தமிழ் வராது. இது புரியும்வரை ஒரு மாதம் ஐபஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வரியை டிமக்ஸ் அமைப்பில் சேர்த்ததும் சரியானது.

டாட்-என்வ் ஃபைலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் பிடித்துக்கொள்வீர்கள். ஹெரோக்கு என்ற மேகச் சேவையில் இருந்த ஆடம் விக்கின்ஸ் 2011 வாக்கில் எழுதிய பன்னிரண்டு விதிகளில் ஒன்று, அமைப்பு விவரங்களை நிரலுக்குள் எழுதாதே, சூழலில் வை என்பது. நல்ல விதிதான். ஆனால் மேம்பாட்டு மெஷினில் ஐம்பது வேரியபிளை யார் கையால் கட்டுவது? அதனால் எல்லாவற்றையும் டாட்-என்வ் என்ற ஒரு ஃபைலில் எழுதி, துவங்கும்போது நிரலே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. இதில் நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். ஒன்று, பொட்டலத்தில் ஏற்கெனவே இருப்பதை டாட்-என்வ் சாதாரணமாக மேலெழுதாது. என் ஷெல்லில் என்றைக்கோ எக்ஸ்போர்ட் செய்த பழைய டேட்டாபேஸ் முகவரி உட்கார்ந்திருந்தது. நான் ஃபைலை மாற்றி மாற்றிச் சேமித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று மேற்கோள் குறி. கடவுச்சொல்லை மேற்கோளுக்குள் எழுதினால் டாட்-என்வ் நூலகம் குறியை உரித்துவிட்டுக் கொடுக்கும். அதே ஃபைலை, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் ரன் கட்டளைக்குக் கொடுத்தால் குறியோடு சேர்த்துக் கடவுச்சொல் என்று எடுத்துக்கொள்ளும். டாக்கரின் இன்னொரு கருவியான கம்போஸுக்குக் கொடுத்தால் உரிக்கும். பெயர் ஒன்று, வடிவம் ஒன்று, வாசிப்பவர் மூன்று பேர்.

ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலம் பிள்ளைக்குப் போகும், பேரனுக்கும் போகும். கட்டணச் சேவையின் சாவியை ஆர்சி ஃபைலில் எக்ஸ்போர்ட் செய்துவைத்தால், இன்று காலை யாரோ எழுதிய பொதியை நீங்கள் நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டின் கையிலும் அந்தச் சாவி இருக்கும். அதனால் எனக்கு டைர்-என்வ் என்ற கருவி பிடிக்கும்: ஒரு அடைவுக்குள் நுழைந்தால் அதற்குரிய வேரியபிள்கள் வரும், வெளியே வந்தால் போகும், புது ஃபைல் என்றால் நீங்கள் அனுமதி கொடுத்தால்தான் ஓடும். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே ஆபத்து வந்த காலமும் உண்டு. பாஷ் ஷெல், வேரியபிளில் ஒரு ஃபங்ஷன் இருந்தால் அதைத் துவக்கத்திலேயே வாசித்துக்கொள்ளும். அப்போதெல்லாம், ஃபங்ஷன் முடிந்த பிறகு வாலில் எதை ஒட்டியிருந்தாலும் அதையும் ஓட்டிவிட்டது. 1989-இலிருந்து இருந்த இந்த ஓட்டையை ஸ்தெஃபான் ஷசெலாஸ் 2014-இல் கண்டுபிடித்தார். ஷெல்ஷாக் என்று பெயர். இணையச் சர்வர்கள், சிஜிஐ என்ற முறையில் தாங்கள் ஓட்டும் நிரலுக்கு உலாவியின் பெயரைக்கூட வேரியபிளாகத்தான் கொடுத்தனுப்பும், அதனால் உலாவியின் பெயர் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கட்டளை அனுப்ப முடிந்தது.

இப்போதெல்லாம் “டெர்மினல்ல வருது, இங்கே வரல” என்று யாராவது வந்தால் நான் ஆர்சி ஃபைலைத் தொடுவதற்கு முன் எடிட்டரிடமே கேட்டுப் பார்க்கிறேன். விம்மிலும் ஈமாக்ஸிலும் உள்ளிருந்தே பாத்தை அச்சிடலாம். லினக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் ப்ராக் அடைவுக்குள் என்விரான் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பிறந்தபோது அதன் கையில் என்ன கட்டிக் கொடுத்தார்களோ அது அப்படியே அதில் தெரியும். வழியில் அது சேர்த்துக்கொண்ட ஊறுகாய் தெரியாது. நமக்கு வேண்டியதும் முந்தையதுதான்.

இத்தனையும் எழுதிவிட்டு என் ஆர்சி ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்தேன். 140 வரி. அதில் மூன்று வரி எதற்கென்று எனக்கே தெரியாது. ஒன்று, இந்த மெஷினிலேயே இல்லாத ஒரு ஜாவாவைக் காட்டுகிறது. போன வருடம் அந்த வரியை அழித்துப் பார்த்தேன். மறுநாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வழியே கிடையாது, எனக்குத் தெரியும். திரும்பப் போட்டுவிட்டேன்.